ரைபிளுக்கு நெற்றி எது?

துப்பாக்கி வெடித்தால் ஆள் போவான் என்பது ஊருக்கே தெரியும். வெடிக்காத துப்பாக்கியால் ஒருவன் பிழைப்பில் மண் விழ இருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

போன மாதம் எங்கள் ஓய்வுபெற்றவர்கள் கூட்டத்துக்கு, இப்போது வேலையில் இருக்கும் ஆர்மரர் ஒருவர் வந்திருந்தார். ஆர்மரர் என்றால் படையின் துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்க்கிறவர். பணிக்காலம் பூராவும் நானும் அதுதான். "புது மாடல்ல சில நேரம் சேஃப்டி சிக்குதுண்ணே. உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் இருந்திருக்காது, இல்ல?" என்று கேட்டார். உங்க காலமாம்! என் காலத்துத் துப்பாக்கிகள் எல்லாம் என்னமோ பாலும் பழமும் சாப்பிட்டுவிட்டுச் சமர்த்தாகப் படுத்திருந்த மாதிரி. "சிக்குச்சு தம்பி. சிக்குனது மணக்கவும் செஞ்சுச்சு" என்றேன். பழைய ஆட்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார். எழுதுகிறேன்.

எந்தப் படை, எந்த முகாம் என்று கேட்காதீர்கள். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரையை ஒட்டிய ஆயுதப் படை முகாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் பென்ஷனை நிறுத்திவிட மாட்டார்கள். ஆனால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்புவார்கள். அந்தக் கடிதத் தமிழைப் படிக்கும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.

நான் ஆர்மரர் ஆனது திறமையால் என்று யாரும் நினைக்க வேண்டாம். பரேடில் எல்லோருக்கும் இடது கால் விழும்போது எனக்கு வலது கால் விழும். டிரில் மாஸ்டர் வெறுத்துப்போய், "இவனை எங்கிட்டாச்சும் கண்ணுல படாத எடத்துல போடுங்கய்யா" என்றார். போட்டார்கள். வடக்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள். வாத்தியார் இந்தியில் சொன்னார், புத்தகம் இங்கிலீஷில் சொன்னது, எனக்குத் தெரிந்ததோ செல்லூர்த் தமிழ். ஆனால் செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவனுக்கு ஒன்று தெரியும்: சிக்கியதை இழுக்கக் கூடாது, ஏன் சிக்கியது என்று குனிந்து பார்க்க வேண்டும். வடக்கே போய் நான் கற்றுக்கொண்டதும் கடைசியில் அதைத்தான். கூடுதலாகச் சப்பாத்தி சாப்பிடவும் கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் எங்களுக்குப் புது ரைபிள் வந்தது. அதுவரை எங்களிடம் இருந்தவை ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்து இழுத்துச் சுடுகிற பழைய சாமான்கள். புதியது தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும். முதல் தவணையாக, துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தி வைக்கும் ராக் ஒன்று நிறைய வந்தது. மரப்பெட்டியைத் திறந்ததும் முகாமே கல்யாணப் பெண்ணைப் பார்க்க வந்த மாதிரி எட்டிப் பார்த்தது. அதில் எல்லோரையும் கவர்ந்தது சேஃப்டிதான். இடது பக்கம், கைப்பிடிக்கு மேலே, பெருவிரலுக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சின்ன நெம்புகோல், நாங்கள் நெம்பு என்போம். அது 'எஸ்' என்ற எழுத்துக்கு நேராக இருந்தால் விசையை அழுத்தினாலும் சுடாது. 'ஆர்' பக்கம் தள்ளினால் சுடும். குழந்தைகூடத் தள்ளிவிடும், அவ்வளவு லேசு. கதை முழுக்க அந்த நெம்பைப் பற்றித்தான்.

இனி எங்கள் ஆர்.ஐ.யைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயுதங்களுக்கும் ஆட்களுக்கும் பொறுப்பான இன்ஸ்பெக்டர், பெயர் ராஜரத்தினம். ஒல்லியான மனிதர், நெற்றியில் எப்போதும் சந்தனப் பொட்டு. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கைக்குட்டை வைத்திருப்பார். ஒன்று அவர் முகத்துக்கு, இன்னொன்று துப்பாக்கியின் முகத்துக்கு. காலையில் ஆயுதக் கிடங்குக்குள் நுழைந்ததும் ஏதாவது ஒரு ரைபிளை எடுத்து, வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றி, அதன் இடுக்கெல்லாம் விட்டுத் தேய்ப்பார். கறுப்பு ஒட்டினால் என்னைப் பார்ப்பார். ஒட்டாவிட்டால் கைக்குட்டையைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

அவர் வைய மாட்டார், அதுதான் கொடுமை. வைதால் வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடலாம். "ஏன்யா தொடைக்கல?" என்று கேட்க மாட்டார். சுவரைப் பார்த்து, "துடைக்கப்பட்டிருக்க வேண்டும்" என்பார். சுவர்தான் பதில் சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் ஒரு உத்தரவு வேறு. ராக்கிலிருந்து ரைபிளை இடது ஓரத்திலிருந்து வரிசையாகத்தான் எடுக்க வேண்டும், இஷ்டத்துக்கு நடுவில் உருவக் கூடாது என்பது ஒரு உத்தரவு. கிடங்குக்குள் தும்மக் கூடாது என்றுகூட ஒன்று போட்டிருந்தார். மீறினோம், தப்பித்தோம்.

புது ரைபிளை முதன்முதலாகச் சுட்டுப் பார்க்கும் நாள் வந்தது. ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலை. மலையடிவாரத்து ரேஞ்சில் ஆட்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஆர்.ஐ. பின்னால் நடந்துகொண்டிருந்தார். நான் பழுதுப் பெட்டியோடு ஓரத்தில் நின்றேன். சுடச் சொல்லி விசில் அடித்தார்கள். படபடவென்று எல்லாம் வெடித்தது, ஓரத்தில் ஒன்றைத் தவிர.

அது ஒச்சப்பனுடைய ரைபிள். எழுமலைப் பக்கம் காடு கரை வைத்திருக்கும் சம்சாரி வீட்டுப் பையன், வேலைக்குச் சேர்ந்து இன்னும் ப்ரொபேஷன் முடியாத கான்ஸ்டபிள். ஆள் உயரம் ஒரு பக்கம் இருக்கட்டும், கையைப் பார்க்க வேண்டும். கிணறு வெட்டிய கை. அவன் சல்யூட் அடித்தால் நமக்குக் காற்று வரும். அந்தப் பெருவிரலால் நெம்பைத் தள்ளுகிறான், அசையவில்லை. மறுபடி தள்ளினான். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். அந்தத் தட்டு விழுந்த நேரம் பார்த்து ஆர்.ஐ. அவனுக்குப் பின்னால் வந்து நின்றார். எங்கிருந்துதான் வருவார்களோ!

அவ்வளவு பதற்றத்திலும் ஒச்சப்பன் ரைபிளின் முனையை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்பவே இல்லை. குறிப்பலகையைப் பார்த்தபடியே பிடித்திருந்தான். ஏற்றிய துப்பாக்கி சிக்கினால் "என்னான்னு பாருங்கய்யா" என்று அப்படியே நம் நெஞ்சுக்கு நேரே திருப்புகிற சீனியர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் ஓடிப்போய்க் குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, குழலின் அடியில் உள்ள அறையில் ஏறியிருந்த குண்டை வெளியே எடுத்தேன். அவன் முனையை அசைக்காததை வேறு யாரும் பார்க்கவில்லை. தட்டியதை மட்டும் ஆர்.ஐ. பார்த்துவிட்டார்.

"கருவி முரட்டுத்தனமாகக் கையாளப்பட்டிருக்கிறது" என்றார் மலையைப் பார்த்து.

அன்று சாயங்காலமே சார்ஜ் மெமோ வந்துவிட்டது. அரசாங்கத்தின் புதிய ஆயுதத்தை அளவுக்கு மீறிய பலத்தைப் பயன்படுத்திச் சேதப்படுத்தினார், ப்ரொபேஷனில் இருக்கும் இவர் பணிக்குத் தகுதியானவரா என்பது பரிசீலிக்கப்பட வேண்டும் என்று மேலே அறிக்கையும் போய்விட்டது. ப்ரொபேஷன் ஆளுக்குப் பெரிய விசாரணையெல்லாம் கிடையாது. மேலதிகாரி வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து தண்டனையும் லீவும் கொடுக்கிற இடத்துக்கு ஆர்டர்லி ரூம் என்று பெயர். அங்கே தலைவிதியை முடிவு செய்து, பெட்டி படுக்கையோடு அனுப்பிவிடலாம்.

மறுநாள் கோரிப்பாளையம் முக்கில் ஒரு பாய் கடையில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸ் அவன் கையில் இருக்கிற இடமே தெரியவில்லை.

"மூணு தடவ செலக்சனுக்கு ஓடுனேண்ணே. ரெண்டு தடவ நெஞ்சு பத்தலன்னாக. மூணாந்தடவ பத்துச்சு. இப்ப கை சாஸ்தியாப் போச்சுங்கிறாக" என்றான்.

"வீட்டுல சொன்னியா?"

"எப்பிடிண்ணே சொல்ல? நான் போலீசானதுல இருந்து எங்கய்யா எழுமல பஸ்ஸுல முன்சீட்டுலதான் உக்காருறாரு. கண்டக்டரே எடம் போட்டுக் குடுக்கிறாரு. நாளைக்குப் போயி, அய்யா எந்திரிங்கன்னு நானா சொல்றது?" டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டான். "நெசமாத்தாண்ணே சொல்றேன், நான் ஒடைக்கல. லேசாத்தான் தள்ளுனேன். அது அசையவே இல்ல."

அவன் சொன்னதை நம்பினேன். ஆனால் ஆர்மரர் நம்புவதை வைத்து யாரையும் விடுதலை செய்ய மாட்டார்கள்.

ரைபிளைப் பிரித்துப் பார்த்துக் காரணம் சொல்லும்படி எனக்கு உத்தரவு வந்தது. ஆர்.ஐ. தன் முன்னிலையில்தான் பிரிக்க வேண்டும் என்றார். கிடங்கில் என் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு, கைக்குட்டையை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சிக்கிய துப்பாக்கியை மேசையில் வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மேகசின் கழற்றியாகிவிட்டது என்று யார் சத்தியம் செய்தாலும் திரும்பவும் பார்க்க வேண்டும். முனை மணல் பெட்டியைப் பார்த்திருக்க வேண்டும். போல்ட்டைப் பின்னால் இழுத்து அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணையும் நம்பாமல் சுண்டுவிரலை விட்டுத் தடவ வேண்டும். அதற்கப்புறம்தான் அது ரிப்பேர்ச் சாமான். அதுவரை அது துப்பாக்கி. இதெல்லாம் முடிந்து நெம்பைத் தொட்டேன். லேசாக அழுத்தினேன். சிமெண்ட்டில் புதைத்த ஆணி கணக்காக நின்றது.

தட்டியதால் வளைந்திருந்தால் நெம்பில் தெரியும், அச்சில் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எங்கும் ஒரு நெளிவு இல்லை. நெம்புக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய சந்தில் மட்டும் ஏதோ அடைந்திருந்தது. மேலே சிவப்பாக, உள்ளே மங்கிய பழுப்பாக. சீமெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, பித்தளைக் கம்பியை வைத்து மரச்சுத்தியால் தொட்டும் தொடாமலும் தட்டினேன். நெம்பு ஒரு முனகலோடு திரும்பியது. கழற்றி வெளியே எடுத்தேன். அச்சைச் சுற்றி, அடிப்பிடித்த கேசரி மாதிரி ஒரு பொருக்கு. ஊசியால் சுரண்டிக் காகிதத்தில் கொட்டினேன்.

கிடங்கு முழுக்கச் சந்தன வாசம் வீசியது.

சீமெண்ணெய் நாற்றத்தையும் மீறிக் கமகமவென்று வந்தது. ஆர்.ஐ. மூக்கை உறிஞ்சினார். பழக்கதோஷம், கண் தானாக மூடிக்கொண்டது. வலது கை கன்னத்தில் போட்டுக்கொள்ளப் பாதி தூரம் போய்விட்டது. அங்கேயே நின்றது. கண்ணைத் திறந்தார். அவருக்கு என்னைவிட முன்னால் விளங்கிவிட்டது.

ஆயுத பூஜை அன்று நடந்ததை இப்போது சொல்லியாக வேண்டும். வருஷா வருஷம் எல்லா ஆயுதங்களையும் வரிசையாக நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்துக் கும்பிடுவது வழக்கம். கத்தி, சுத்தியல், லாரி, என் ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. பழைய ரைபிள்களுக்கு எங்கே வைப்பது என்பதில் குழப்பமே இல்லை. தோளில் முட்டுக்கொடுக்கிற மரக்கட்டைப் பகுதியில் வைத்துவிடுவோம். அந்த வருஷம் புது ரைபிள் வந்ததால் ஒரு சர்ச்சை கிளம்பியது: இதற்கு நெற்றி எது?

முனைதான் நெற்றி என்றார் ஒருவர். அது வாயல்லவா என்றார் இன்னொருவர். குறிபார்க்கிற கண்ணுக்கு மேலேதானே நெற்றி வரும் என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டர் நியாயம் பேசினார். பூஜைத் தட்டில் கற்பூரம் ஏற்றக் காத்திருக்க, நாங்கள் துப்பாக்கிக்கு அங்க சாஸ்திரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆர்.ஐ. ஒரு கையை உயர்த்தினார். "எப்போது சுட வேண்டும், எப்போது கூடாது என்று தீர்மானிப்பது எதுவோ அதுதான் புத்தி. புத்தி இருக்கிற இடம்தான் நெற்றி" என்று சேஃப்டியைக் காட்டினார். கூட்டமே அசந்துபோய்த் தலையாட்டியது. எனக்கும் அந்த நேரத்தில் நல்ல விளக்கமாகத்தான் பட்டது, பொய் சொல்வானேன்.

இடது ஓரத்திலிருந்து முதல் சில ரைபிள்களுக்கு அவரே பொட்டு வைத்தார். விரலால் தொட்டு வைக்கிற பொட்டு இல்லை. சுவருக்குப் பூச்சு பூசுகிற பக்தி. பன்னீரில் குழைத்த சந்தனம் சந்துக்குள் வழிந்தது. கை ஓய்ந்ததும் கிண்ணத்தை ஒரு ஏட்டிடம் கொடுத்துவிட்டார். அந்த ஏட்டுக்குப் பொரிகடலை மேல் கண். மிச்ச ரைபிள்களுக்குத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டே போய்விட்டார். ரேஞ்சில் வெடித்ததெல்லாம் இவைதான்; ஆர்.ஐ. அப்பியவற்றில் ஒச்சப்பன் கைக்கு வந்ததைத் தவிர மற்றவை, அடுத்த அணிக்கென்று லாரியின் அடியிலேயே கிடந்து சுடாமலே திரும்பியிருந்தன. அதோடு விடவில்லை, ஒரு உத்தரவும் வந்தது: சாமிக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும். அப்புறம் மழை. ஈரத்தில் ஊறி, வெயிலில் காய்ந்து, துருவோடு சேர்ந்து இறுகிவிட்டது. தினமும் இடுக்கெல்லாம் புகுந்த அந்த வெள்ளைக் கைக்குட்டை, பொட்டு வந்ததும் பயபக்தியோடு சுற்றிக்கொண்டு போனது. என் துணியும் அப்படித்தான் போனது, உத்தரவு உத்தரவுதானே.

இப்போது அந்தப் பொருக்கு எங்கள் இருவருக்கும் நடுவே காகிதத்தில் கிடந்தது.

"துரு" என்றார் ஆர்.ஐ.

"துரு மணக்குமாய்யா?"

"எழுதும்போது மணம் குறிப்பிடப்பட வேண்டியதில்லை."

"அப்ப ஒச்சப்பன் ஒடைக்கலன்னு எழுதிடுறேன்யா."

அவர் சுவரைப் பார்த்தார். "அளவுக்கு மீறிய பலம் என்று ஏற்கெனவே அறிக்கை அனுப்பப்பட்டுவிட்டது. காரணம் கண்டறிய முடியவில்லை என்று எழுதப்படலாம்."

காரணம் தெரியவில்லை என்றால் என்ன ஆகும்? மேலே போன அறிக்கைதான் நிற்கும். பையன் எழுமலைக்குப் பஸ் ஏறுவான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியின் சந்தனத்தை வைத்தே பூசாரி வேட்டு வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மரச்சுத்தியை மேசையில் கொஞ்சம் பலமாகவே வைத்தேன்.

"மத்த ரைபிள்களையும் பாத்துடுறேன்யா. இடது ஓரத்துல இருக்கிறதெல்லாம் இதே கதியாத்தான் இருக்கும். அப்ப ஒரு ஆளோட கைமேல பழி வராதுல்ல."

அவருக்கு அது நன்றாகப் புரிந்தது. அதனால்தான் அங்கேயே உட்கார்ந்து உத்தரவு எழுதினார்: விசாரணை முடியும்வரை புது ரைபிள்களை ஆர்மரர் உட்பட எவரும் திறக்கவோ, துடைக்கவோ, எண்ணெய் விடவோ கூடாது. கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு ஒரு சல்யூட் அடித்தேன். என் வாழ்க்கையில் சரியான காலோடு சேர்த்து அடித்த சல்யூட்டுகளில் அதுவும் ஒன்று. 'காரணம் தெரியவில்லை' என்று நான் எழுதவில்லை. 'நெளிவு இல்லை, அடைப்பு இருந்தது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். எதன் அடைப்பு என்று கேட்டால் சொல்வதாக இருந்தேன்.

ஆர்டர்லி ரூம் நாள் வந்தது. மேலதிகாரி வடக்கத்திக்காரர், பெரியய்யா என்போம். தமிழை எண்ணி எண்ணித்தான் செலவழிப்பார். ஒச்சப்பனைத் தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவனை அப்படித்தான் நிறுத்துவார்கள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றான்.

ஆர்.ஐ. தன் பக்கத்தைச் சொன்னார். புதிய கருவி, நுட்பமான கருவி, ஒரு விரலின் நுனி போதும், அதை இவர் உள்ளங்கையால் தாக்கினார் என்றார். பெரியய்யா என் குறிப்பைப் பார்த்தார். "அடைப்பு சொல்றாங்க?"

"அடைப்பு ஏதும் இருக்க வாய்ப்பில்லை அய்யா. இதே தொகுதியில் வேறொரு ரைபிள் கொண்டுவரப்பட்டால், எவ்வளவு இலகுவாக இயங்குகிறது என்று நானே காட்டிவிடுவேன்" என்றார் ஆர்.ஐ.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒரு சூதும் செய்யவில்லை. கிடங்குக்குப் போனேன். இடது ஓரத்திலிருந்து வரிசையாகத்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. எடுத்தேன். துடைக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. துடைக்கவில்லை. மேகசின் இல்லை, அறையில் குண்டு இல்லை என்று பார்த்து, கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். கீழ்ப்படிதலுக்கு மெடல் இருந்தால் அன்று எனக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

ஆர்.ஐ. ரைபிளைப் பெரியய்யாவுக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, பெருவிரல் நுனியை நெம்பில் வைத்து, லேசாகப் புன்னகைத்துத் தள்ளினார். நெம்பு அசையவில்லை. புன்னகை போய்விட்டது. இன்னொரு தள்ளு தள்ளினார். இரண்டு பெருவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. முகத்துக்கான கைக்குட்டையை எடுக்கப்போய்த் துப்பாக்கிக்கான கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். நெற்றியில் கறுப்புக் கோடு விழுந்தது. அறையில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரிக்காமல் நின்றதில் எனக்கு விலாவே வலித்துவிட்டது.

"இது... இன்னொன்று கொண்டுவரப்படட்டும்" என்றார்.

கொண்டுவந்தேன், வரிசைப்படி. அதுவும் அசையவில்லை. இந்தத் தடவை அவருக்கு வந்த ஆத்திரத்தில், எல்லோர் முன்னாலும், உள்ளங்கையை ஓங்கி நெம்பில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதை எங்கள் ஊரில் வாயால்தான் சொல்வார்கள். அன்று கண்ணால் பார்த்தேன்.

பெரியய்யா எழுந்து வந்து ரைபிளை வாங்கினார். நகத்தால் அந்தச் சந்தைச் சுரண்டினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பூஜைக்கு அவரும்தான் வந்து முதல் ஆளாகப் பொரி வாங்கிக்கொண்டு போனவர். விரலைப் பார்த்தார், ஆர்.ஐ.யின் நெற்றியில் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார், அப்புறம் ஒச்சப்பனைப் பார்த்தார்.

"ராஜரத்தினம், உங்களுக்கும் முரட்டுக் கையா?"

ஆர்.ஐ.க்கு அன்று பார்க்கச் சுவரும் அகப்படவில்லை. பெரியய்யா உட்கார்ந்து கோப்பில் ஏதோ எழுதினார். "தொப்பி, பெல்ட் குடுங்க அவருக்கு" என்றார். ஒச்சப்பன் பெல்ட்டை வாங்கினான். துணி சுற்றிய கட்டைவிரலால் கொக்கியை மாட்ட வரவில்லை. நான் போய் மாட்டிவிட்டேன். அவன் உதடு துடித்தது, எனக்கும் கண் கலங்கிவிட்டது. வெட்கமென்ன இதில்?

அதனால் சந்தனத்தின் மேல் குற்றம் எழுதினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயுத பூஜையால் ஆயுதம் கெட்டது என்று எந்த அதிகாரி தன் கையெழுத்தில் எழுதுவான்? யோசித்து யோசித்து ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள்: காற்றின் ஈரப்பதம். ஈரப்பதத்துக்கு மெமோ கொடுக்க முடியாது; அதற்குச் சங்கம் இல்லை, மேல்முறையீடு இல்லை. கோப்பு மூடப்பட்டது. ஒச்சப்பனின் ப்ரொபேஷன் முடிந்த உத்தரவும் வந்தது, ஆர்.ஐ.யின் கையெழுத்தோடுதான். அவர் அதைக் கொடுக்கும்போது, "கருவிகள் மென்மையாகக் கையாளப்பட வேண்டும்" என்றாராம். "எங்கிட்டுப் பாத்துச் சொன்னாரு?" என்று கேட்டேன். "சன்னலப் பாத்துண்ணே" என்றான்.

நான் எல்லா நெம்பையும் கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, மணிமணியாகத் திரும்ப வைத்தேன். இனிமேலாவது பொட்டைத் துப்பாக்கிக் கட்டையில் வைப்பார்கள் என்று ஒரு அசட்டு நம்பிக்கை எனக்கு இருந்தது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. முந்தின நாள் ஆர்.ஐ. எங்களைக் கூப்பிட்டுப் போன வருஷத்துச் சம்பவத்தின் படிப்பினையைச் சொன்னார். கடைச் சந்தனத்தில் கலப்படம் இருக்கிறது, அதுதான் இறுகுகிறது. இந்த வருஷம் சந்தனக் கட்டை வாங்கி இங்கேயே அரைக்கப்படும் என்றார். படிப்பினையே அவ்வளவுதான். நெற்றி மாறவில்லை; புத்தி இருக்கிற இடம்தான் நெற்றி. அரைப்பதற்கு நல்ல பலமான கை வேண்டும் என்று வரிசையில் ஒவ்வொருத்தர் கையாகப் பார்த்துக்கொண்டே போனவர், ஒச்சப்பன் முன்னால் நின்றார்.

காலையிலிருந்து அவன் கல்லின் முன் உட்கார்ந்து அரைத்தான். வாசம் கண்மாய்க் கரைவரை போனது. சாயங்காலம் ஆர்.ஐ. இடது ஓரத்திலிருந்து தொடங்கி, கை ஓயாமல், இந்த முறை கடைசி ரைபிள்வரை அவரே அப்பினார். சுத்தச் சந்தனமல்லவா, தாராளம். கற்பூரம் காட்டி, பொரி வாங்கி எல்லோரும் போய்விட்டார்கள். நான் கிடங்கைப் பூட்டச் சாவியோடு வந்தேன்.

உள்ளே ஒச்சப்பன் இருந்தான். ஒரு கையில் சீமெண்ணெய்த் துணி. காய்வதற்கு முன்னால் ஒவ்வொரு நெம்பாகத் துடைத்து, அந்தப் பெருவிரலின் நுனியால் 'எஸ்' பக்கமும் 'ஆர்' பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பார்த்து, துடைத்த சந்தனத்தை அந்தந்தத் துப்பாக்கியின் கட்டையில் ஒரு பொட்டாக வைத்துக்கொண்டே வந்தான்.

"டேய், சாமிக்கு வச்சதுடா. துடைக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்குல்ல?"

"சாமி கோவிச்சா பேசிக்கிரலாம்ணே" என்றான் திரும்பாமல். "அது மெமோ குடுக்காது."